சமாதானம் செய்வதும் சமாதானம் சொல்வதும்

(சத்தியமங்கலத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



சர்க்காரும் சர்க்காரை எதிர்த்து ஆயுதமெடுத்த கூட்டமும் சமாதானம் பேசுவது என்பது எப்படி இருக்கவேண்டும் என்பதைப் பற்றி நாம் பேசவேண்டுமென்று இக்கூட்டத்தை ஏற்பாடு செய்த தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். இந்த விஷயத்தைப் பேச இந்த ஊரைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஏனென்றால் இந்த ஊர் மேடையிலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரிகிற மலையில்தான் இரண்டு மாகாண சர்க்கார்கள் ஒரு துப்பாக்கிக் கூட்டத்தோடு பலமுறை பேரம் பேசின. அந்தப் பேரத்தைப் பற்றி உங்களில் நாற்பது வயது கடந்த ஒவ்வொருவருக்கும் ஒரு கதை தெரியும். நாம் கதை சொல்லப் போவதில்லை. நடந்ததை வரிசையாக எடுத்துவைத்து, அது ஏன் சமாதானமாக முடியவில்லை என்பதை மாத்திரம் உங்கள் பகுத்தறிவுக்கு விட்டுவிடப் போகிறோம்.

சமாதானம் என்கிற சொல்லுக்கு நம் மக்கள் வழக்கத்தில் இரண்டு பொருள் உண்டு. சண்டையை நிறுத்துவதும் சமாதானம். செய்த தப்புக்குச் சாக்குச் சொல்வதும் சமாதானம். நமது சர்க்கார்கள் முந்தியதில் எப்படியோ, பிந்தியதில் வெகு கெட்டிக்காரர்கள் என்பதை இந்த மலைக்கதை முழுவதிலும் பார்க்கலாம்.

முதலில் ஒரு சங்கதி. வீரப்பன் என்றதும் பத்திரிகைகள் எல்லாம் 'அவன்' 'இவன்' என்றே எழுதிப் பழகிவிட்டன. நாம் 'அவர்' என்றே சொல்லுகிறோம். இது அவர் செய்த காரியத்துக்குக் கொடுக்கும் மரியாதையல்ல. அவர் சந்தனக்கட்டை கடத்தினவர், யானையைக் கொன்று தந்தம் எடுத்தவர், வனத்துறை அதிகாரி சீனிவாஸை 1991இல் கொன்றவர், 1993 ஏப்ரல் 9ஆம் தேதி பாலாறு பக்கத்தில் கண்ணிவெடி வைத்து 22 பேரைச் சாகடித்தவர். காட்டிக்கொடுத்தான் என்று சந்தேகம் வந்தால் தன்னைப் போன்ற ஏழை மலைக்காரனையும் விடாதவர். அவரை வீரன் என்றும் காவல்தெய்வம் என்றும் சொல்லிப் படம் மாட்டுகிறவர்களோடு நமக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் மனிதனை மனிதன் 'அவன்' என்று சொல்லும் வழக்கத்தை நாம் விட்டு வெகு நாளாயிற்று; கொலைக்காரனுக்காக அதை மறுபடியும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அவர் பிறந்த கோபிநத்தம் அந்நாளில் இருந்த கொள்ளேகால் தாலுகா 1956 வரையில் நமது கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. மாகாணங்களைப் பிரித்தபோது கொள்ளேகால் மைசூருக்குப் போயிற்று. தாளவாடி நம் பக்கம் நின்றது. கோடு கிழித்தவர்கள் காகிதத்தில் கிழித்தார்கள். காட்டுக்குள் கோடு கிடையாது. ஆகையால் போலீசுக்கு எல்லை இருந்தது, சந்தனக்கட்டைக்கு எல்லை இல்லாமல் போயிற்று. இதுவும் அந்தக் கதையில் ஒரு பாதி.

இனி பேச்சு வார்த்தைக்கு வருவோம்.

1994 டிசம்பரில் சிதம்பரநாதன் என்னும் போலீஸ் டி.எஸ்.பி.யையும் அவரோடு இன்னும் இருவரையும் வீரப்பன் கூட்டத்தார் கோவைப் பக்கத்துக் காட்டில் பிடித்து வைத்துக் கொண்டார்கள். பேச்சு நடத்த வீரப்பனுடைய தம்பி அர்ஜுனன் காட்டைவிட்டு வெளியே வந்தார். உடம்பும் சரியில்லாமல் இருந்ததால் கோயமுத்தூரில் அவருக்கு வைத்தியமும் நடந்தது. பிடிபட்டவர்கள் தப்பி வந்துவிட்டார்கள். தூதராக வந்தவர் கைதியானார். 1995இல் கர்நாடகப் போலீஸ் காவலில் கொண்டுபோகப்படும்போது அவரும் கூட இருந்த இருவரும் செத்துப்போனார்கள். விஷத்தைத் தின்று செத்தார்கள் என்று போலீஸ் தரப்பில் சமாதானம் சொல்லப்பட்டது. போலீஸ் காவலில், போலீஸ் வண்டியில் போகிறவர்களுக்கு மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் விஷம் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டால் பகுத்தறிவு என்கிறோம். அதைக் கேட்காமல் இருந்தால் இராஜவிசுவாசம் என்கிறார்கள்.

அர்ஜுனன் யோக்கியர் என்று நாம் வாதாட வரவில்லை. வழக்குப் போட்டுத் தண்டித்திருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். பேச வந்தவன் உயிரோடு திரும்பமாட்டான் என்று காட்டுக்குள் இருக்கிறவனுக்குத் தெரிந்துவிட்டால் அடுத்த தடவை அவன் யாரை அனுப்புவான்? ஒருவரையும் அனுப்ப மாட்டான். உங்கள் பக்கத்திலிருந்து ஒருவரைத்தான் காட்டுக்குள் வரச்சொல்லுவான். அப்படியே நடந்தது. 1997இல் கர்நாடக வனத்துறை ஊழியர் ஒன்பது பேரைப் பிடித்து வைத்துக்கொண்டு பொதுமன்னிப்பு கேட்டபோது, காட்டுக்குள் போய்ப் பேசினவர் 'நக்கீரன்' பத்திரிகாசிரியர் கோபால். ஊழியர்கள் வெளியே வந்தார்கள். மன்னிப்பு கிடைக்கவில்லை. காடு பழையபடியே இருந்தது.

இரண்டு சர்க்கார், ஆயிரக்கணக்கில் போலீஸ், கலெக்டர், செக்ரடரி, மந்திரி என்று எத்தனையோ பேர். இவர்கள் எல்லோரிடத்திலும் இல்லாத நம்பிக்கை ஒரு வாரப் பத்திரிகைக்காரரிடத்தில் இருந்ததென்றால் அது பத்திரிகைக்காரருக்குப் பெருமைதான். சர்க்காருக்கு என்ன என்பதை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

நிற்க, 2000ஆவது வருஷம் ஜூலை 30ஆம் தேதி இராத்திரி நடந்ததைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். கன்னட நாட்டுப் பிரபல நடிகர் ராஜ்குமார் தாளவாடிக்குப் பக்கத்தில் தொட்டகாஜனூரில் உள்ள தமது பண்ணைக்குப் புதுவீடு புகுவதற்காக வந்திருந்தார். நாள், நட்சத்திரம் பார்க்காமலா புதுவீடு புகுந்திருப்பார்கள்? அன்று இரவே வீரப்பன் ஆட்களோடு வந்து அவரையும், அவருடைய மருமகனையும், இன்னும் இருவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் பெங்களூரில் கடை அடைப்பு, கல்லெறி, பஸ் எரிப்பு. அங்கே பிழைக்கப் போன தமிழ்க் கூலிக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார்கள். கோயில் கோயிலாக அர்ச்சனையும், அபிஷேகமும், தேங்காய் உடைப்பும் நடந்தன. 108 நாள் கழித்து நவம்பர் 15ஆம் தேதி அவர் விடுதலையானார். 108 என்றதும் நம் பக்தர்களுக்கு எவ்வளவு சந்தோஷம் இருந்திருக்கும்! அந்த 108இல் தெய்வத்துக்கு உள்ள பங்கு எவ்வளவு, தூது போனவர்களுக்கு உள்ள பங்கு எவ்வளவு, கைமாறியதாகச் சொல்லப்படுகிற பணத்துக்கு உள்ள பங்கு எவ்வளவு என்பதை யாரும் பிரித்துக் கணக்குச் சொல்லவில்லை. பணம் கொடுக்கப்பட்டது என்று அந்நாளில் கர்நாடகப் போலீஸ் தலைவராயிருந்த தினகரே பின்னால் புத்தகம் எழுதினார். சர்க்கார்கள் இல்லை என்றன.

இந்தத் தடவை வீரப்பன் தனியாக இல்லை. தமிழ்நாடு விடுதலைப்படை முதலிய ஆயுதக் கூட்டங்களைச் சேர்ந்த வாலிபர்கள் அவரோடு இருந்தார்கள். ஆகவே கேட்கப்பட்டவையும் மாறிப்போயின. முன்பெல்லாம் தனக்கு மன்னிப்பு, தனக்குப் பணம் என்று கேட்டவர் இப்போது நாட்டுக்குக் கேட்டார். அவை என்னவென்று பாருங்கள். காவிரியில் நடுவர் மன்றம் இடைக்காலமாகச் சொன்ன 205 டி.எம்.சி. தண்ணீரை விடவேண்டும். 1991 காவிரிக் கலவரத்தில் அடிபட்ட கர்நாடகத் தமிழர்களுக்கு நஷ்டஈடு வேண்டும். பெங்களூரில் துணி போட்டு மூடி வைத்திருக்கும் திருவள்ளுவர் சிலையைத் திறக்கவேண்டும். நீலகிரித் தேயிலைப் பச்சை இலைக்குக் கிலோவுக்கு 15 ரூபாய் விலை வேண்டும். மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளிக்குக் கூலி உயர்வு வேண்டும். அதிரடிப்படையால் கெட்டுப்போன மலைக்காரர்களுக்கு நஷ்டஈடு வேண்டும். தடா சட்டத்தில் கர்நாடகச் சிறையில் கிடப்பவர்களையும், தமிழ்நாட்டுச் சிறையில் உள்ள ஐவரையும் விடவேண்டும்.

தோழர்களே! இந்தப் பட்டியலில் எது அநியாயம்? கடைசியில் உள்ளதை விவாதத்துக்கு விட்டுவிட்டு மற்றவற்றைப் பாருங்கள். பச்சை இலைக்கு விலை கிடையாமல் கோத்தகிரியிலும் குன்னூரிலும் சிறு தோட்டக்காரன் தவித்தது உண்மை. மாஞ்சோலைத் தொழிலாளிகள் கூலி கேட்டு ஊர்வலம் போய், 1999 ஜூலை 23ஆம் தேதி திருநெல்வேலியில் தாமிரபரணி ஆற்றில் 17 பேர் செத்ததும் உண்மை. இவற்றைக் கேட்பதற்குச் சட்டசபை இருந்தது, கட்சிகள் இருந்தன, சங்கங்கள் இருந்தன, பத்திரிகைகள் இருந்தன. இவ்வளவும் இருந்தும் ஒரு நடிகரைத் தூக்கிக்கொண்டுபோய்க் காட்டில் வைத்த பிறகுதான் இரண்டு முதல் மந்திரிகளும் ஒரு மேஜையில் உட்கார்ந்து இந்தப் பட்டியலைப் படித்தார்கள் என்றால், அது துப்பாக்கிக்குப் பெருமை தேடிக்கொடுத்தது யார்? தேயிலைக்காரனுக்குத் துப்பாக்கி வழி காட்டவில்லை. ஜனநாயகம் வழி காட்டத் தவறியதைத் துப்பாக்கி தனக்கு மூலதனமாக்கிக் கொண்டது.

அதற்குமேல் இன்னொரு கேடும் விளைந்தது. வீரப்பன் வாயிலிருந்து வந்ததனாலேயே இந்தக் கோரிக்கைகள் எல்லாம் கொள்ளைக்காரன் கோரிக்கைகள் ஆகிவிட்டன. வள்ளுவர் சிலையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிலை அல்சூரில் மூடினபடியே 2009 வரையில் நின்றது. 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதி அது திறக்கப்பட்டது. ஆகஸ்ட் 13ஆம் தேதி கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை சென்னை அயனாவரத்தில் திறக்கப்பட்டது. எந்தத் துப்பாக்கி திறந்தது? இரண்டு முதல் மந்திரிகள் உட்கார்ந்து பேசினார்கள். நீ ஒன்று, நான் ஒன்று என்று முடிந்துபோயிற்று. இதையே 1991இலேயே பேசியிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? காவிரியும் அப்படித்தான். கடைசியில் 2018இல் சுப்ரீம் கோர்ட்டு 177.25 டி.எம்.சி. என்று சொன்னது. அது நமக்குக் குறைவு என்பது வேறு பேச்சு. காட்டுக்குள் பேசித் தண்ணீர் ஒரு சொட்டும் வரவில்லை என்பதே இங்கு நாம் சொல்ல வந்தது.

இனி தடா கைதிகள் விஷயம். இதில்தான் சர்க்காருடைய சாமர்த்தியம் முழுவதும் வெளிப்பட்டது. தடா சட்டம் 1985இல் பிறந்து 1995இல் செத்துப்போனது. செத்துப்போன சட்டத்தில் பிடிபட்டவர்கள் 2000த்திலும் மைசூர்ச் சிறையில் விசாரணை முடியாமல் கிடந்தார்கள். பலபேர் ஏழு வருஷத்துக்குமேல். அவர்கள் யார்? பெரும்பாலோர் விறகுக்கும், தேனுக்கும், மாடு மேய்க்கவும் காட்டுக்குப் போனவர்கள். சந்தைக்கு அரிசி வாங்க வந்தவர்கள். ராகிக்களி கொடுத்தாய் என்று பிடிக்கப்பட்ட பெண்டுகள். நடிகரைத் தூக்கின உடனே கர்நாடக சர்க்கார் இவர்கள்மேல் உள்ள தடா குற்றச்சாட்டை வாபஸ் வாங்கிக் கொள்ளுகிறோம் என்று கோர்ட்டுக்குப் போயிற்று. வீரப்பன் கூட்டத்தாரால் கொல்லப்பட்ட ஒரு சப் இன்ஸ்பெக்டரின் தகப்பனார் அப்துல் கரீம் என்பவர், இது நியாயமா என்று சுப்ரீம் கோர்ட்டில் கேட்டார். மகனைப் பறிகொடுத்த அந்தக் கிழவனார் கேட்டதில் தப்பொன்றுமில்லை. 2000 நவம்பர் 7ஆம் தேதி கோர்ட்டு, பயமுறுத்தலுக்குப் பணிந்து வழக்கை வாபஸ் வாங்கக்கூடாது என்று சொல்லிற்று. சர்க்கார் கொடுத்த வாக்கு காற்றில் போயிற்று.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். 2001 செப்டம்பரில் மைசூர்த் தனிக் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள். தண்டனை பெற்றவர்கள் 14 பேர்தான். அப்படியானால் 1995இலோ 1996இலோ ஒழுங்காக விசாரணை நடத்தியிருந்தால் அந்த ஏழைகள் அப்போதே வீடு வந்து சேர்ந்திருப்பார்கள். வீரப்பனுக்குப் பட்டியலில் போட அந்தக் கோரிக்கையே இருந்திருக்காது. அப்துல் கரீமுக்கும் கோர்ட்டு வாசலில் நிற்கிற வேலை இருந்திருக்காது. சட்டப்படி கொடுக்கவேண்டியதைக் கொடுக்காமல் வைத்திருந்து, பயத்தினால் சட்டத்துக்கு விரோதமாய்க் கொடுக்கப் போய், கொடுக்கவும் முடியாமல் போவது என்பதை என்ன பேர் சொல்லி அழைப்பது?

தூது போனவர்கள் கதியையும் சொல்லிவிடுகிறோம். ராஜ்குமார் விடுதலைக்காகக் கோபாலும், பிறகு பழ. நெடுமாறன், பேராசிரியர் கல்யாணி, சுகுமாரன் ஆகியோரும் காட்டுக்குள் போனார்கள். போகச் சொன்னது சர்க்கார். 2001இல் சென்னையில் ஆட்சி மாறிற்று. நெடுமாறன் 2002இலும், கோபால் 2003இலும் பொடா சட்டத்தில் சிறைக்குப் போனார்கள். வழக்குகளின் காரணம் வேறு என்று சொல்லப்பட்டது, வேறாகவே இருக்கட்டும். ஆனால் சமாதானம் பேசப் போகிறவன் எந்த ஆட்சி வந்தாலும் அதற்காகச் சந்தேகிக்கப்பட மாட்டான் என்கிற தைரியம் இந்த நாட்டில் இல்லை என்பது மாத்திரம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

தோழர்களே! ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் மாட்டுச் சந்தைக்குப் போகாதவர்கள் இந்தக் கூட்டத்தில் குறைவாகவே இருப்பீர்கள். சாமிக்காகப் போனீர்களோ மாட்டுக்காகப் போனீர்களோ, அதை நாம் கேட்கவில்லை. அங்கே தரகர்கள் எப்படிப் பேரம் பேசுகிறார்கள்? கையின்மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுகிறார்கள். விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பது பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. மாட்டைக் கேட்கவேண்டுமென்று யாருக்கும் தோன்றாது, அது மாடு. இந்த மலையில் நடந்த பேச்சு வார்த்தைகளும் துண்டுக்குள் நடந்தவைதான். ஒரு கை காட்டிலிருந்து வந்தது, இன்னொரு கை கோட்டையிலிருந்து வந்தது. பர்கூர், தாளவாடி, மாதேஸ்வரன் மலை, கொளத்தூர் இந்தப் பக்கத்து ஜனங்கள் மாட்டின் ஸ்தானத்தில் நிறுத்தப்பட்டார்கள்.

இவர்கள் பட்ட பாட்டை முழுவதும் சொல்ல இந்த இராத்திரி போதாது. பகலில் அதிரடிப்படை வந்து 'சோறு போட்டாயா' என்று அடிக்கும். இரவில் அந்தக் கூட்டம் வந்து 'சொல்லிக் கொடுத்தாயா' என்று வெட்டும். சோளகரும், ஊராளியும், இருளரும், லிங்காயத்துக் குடியானவரும் இந்த இரண்டுக்கும் நடுவில் பத்துப் பதினைந்து வருஷம் வாழ்ந்தார்கள். மாதேஸ்வரன் மலையில் அதிரடிப்படை முகாமில் சித்திரவதை செய்வதற்கென்றே ஒரு கட்டடம். அதற்கு 'ஒர்க்‌ஷாப்' என்று பெயர் வைத்திருந்தார்கள். மனித உரிமைக் கமிஷன் 1999இல் நீதிபதி சதாசிவா தலைமையில் ஒரு விசாரணைக்குழு போட்டது. அதையும் கோர்ட்டு தடையுத்தரவு என்று நிறுத்தி, மறுபடி துவக்கி, 2003இல் அறிக்கை வந்தது. 2007இல் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்ச ரூபாய் கொடுக்கச் சொன்னார்கள். பவானி வழக்கறிஞர் ச. பாலமுருகன் எழுதிய 'சோளகர் தொட்டி' என்னும் நாவலைப் படித்தவர்கள் 89 என்ற எண்ணைக் கேட்டுச் சிரிக்கவும் மாட்டார்கள், அழவும் மாட்டார்கள். மீதிப் பேர் எங்கே என்றுதான் கேட்பார்கள்.

ஒன்றை ஒப்பிட்டுப் பாருங்கள். 2004 அக்டோபர் 18ஆம் தேதி தர்மபுரி ஜில்லா பாப்பாரப்பட்டி பக்கத்தில் வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்பொழுதே அதிரடிப்படைக்காரர் ஒவ்வொருவருக்கும் 3 லட்ச ரூபாய், வீட்டுமனை, ஒருபடி உத்தியோக உயர்வு என்று உத்தரவு வந்துவிட்டது. உயிரைப் பணயம் வைத்தவனுக்குச் சன்மானம் கொடுப்பதை நாம் குறை சொல்லவில்லை. சன்மானத்துக்கு ஒரு நாளிலே கையெழுத்தாகிறது. நஷ்டஈட்டுக்கு எட்டு வருஷம் ஆகிறது. இதற்குத்தான் சமாதானம் சொல்லவேண்டும்; சொல்லத்தான் ஆள் இல்லை.

வாச்சாத்தியையும் மறக்கக்கூடாது. 1992 ஜூன் 20ஆம் தேதி அரூர்ப் பக்கத்து மலையடிவாரத்தில் உள்ள அந்த ஊருக்குச் சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு சர்க்கார் ஆட்கள் போனார்கள். ஊரைச் சூறையாடினார்கள், 18 பெண்களைக் கெடுத்தார்கள். வழக்கில் குற்றவாளிகளாக நின்றவர்கள் 269 பேர். வனத்துறையினர் 155, போலீசார் 108, ரெவின்யூ இலாகாவினர் 6. இங்கேயும் ஒரு 108 வருகிறது. இதற்கு யாரும் அர்ச்சனை செய்யவில்லை. 2011இல் உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை கிடைத்தது. 2023 செப்டம்பரில் சென்னை ஹைக்கோர்ட்டு அதை உறுதி செய்து, அந்தப் பெண்களுக்குத் தலைக்கு 10 லட்சம் கொடுக்கச் சொன்னது. 31 வருஷம்! ஆனாலும் ஒன்று கவனியுங்கள். அந்த ஊர்க்காரர்கள் துப்பாக்கி எடுக்கவில்லை. சங்கத்தை வைத்துக்கொண்டு, சாட்சிக்கூண்டில் ஏறி, முகத்தைப் பார்த்துக் கையை நீட்டி, இவன், இவன் என்று அடையாளம் காட்டினார்கள். துண்டுக்குள் விரல் பிடித்து முடியாத காரியம் அந்தப் பெண்களின் நீட்டின விரலால் முடிந்தது.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற சில தோழர்கள், 'ஆயுதம் எடுத்தவனோடு சர்க்கார் பேசுவதே கேவலம். சுட்டுத் தள்ளுவதுதான் வழி' என்று நினைக்கலாம். வீரப்பனைப் பற்றியமட்டில் அவர்களுக்கு ஒரு வாதம் உண்டு. அவர் பின்னால் ஒரு நாடோ ஒரு ஜனமோ நிற்கவில்லை. ஆனால் ஜனங்கள் பின்னால் நிற்கிற கூட்டத்தைப் பற்றி அப்படிச் சொன்னால் அது வரலாறு தெரியாத பேச்சு. மிசோரத்தைப் பாருங்கள். 1966 மார்ச்சில் அங்கே கலகம் எழுந்தபோது இந்திய சர்க்கார் தன் சொந்த ஊரான அய்ஜால்மேல் ஆகாய விமானத்திலிருந்து தாக்கிற்று. கிராமம் கிராமமாக ஜனங்களைப் பெயர்த்துக் கொண்டுபோய் வேலிக்குள் வைத்தது. இருபது வருஷம் அடங்கவில்லை. 1986 ஜூன் 30ஆம் தேதி ஒப்பந்தம் செய்தார்கள். கலகத் தலைவர் லால்டெங்கா முதல் மந்திரியானார். அது வரையில் முதல் மந்திரியாயிருந்த லால் தன்ஹாவ்லா நாற்காலியை விட்டு இறங்கி, துணை முதல் மந்திரியாக உட்கார்ந்தார். நமது நாட்டில் நாற்காலியை விட்டு இறங்குவதென்றால் எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஒப்பந்தம் நின்றுவிட்டது.

பக்கத்திலுள்ள இலங்கையில் நிற்கவில்லை. 1987 ஜூலை 29ஆம் தேதி ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கையெழுத்துப் போட்டார்கள். சண்டை போட்டுக் கொண்டிருந்த புலிகளின் கையெழுத்து அதில் இல்லை. அக்டோபரிலேயே சமாதானப்படை என்று பேர் வைத்துப் போன படைக்கும் புலிகளுக்கும் யுத்தம். பிறகு 2002 பிப்ரவரி 22ஆம் தேதி நார்வேக்காரர் நடுவில் நின்று யுத்தநிறுத்தம் செய்து வைத்தார்கள். ஆறு சுற்றுப் பேசினார்கள். சர்க்கார் ஒரு பக்கம், புலிகள் ஒரு பக்கம். எங்களுக்கும் தனியாக ஒரு நாற்காலி வேண்டும் என்று கிழக்கு மாகாண முஸ்லிம்கள் கேட்டார்கள், கிடைக்கவில்லை. வேறு அபிப்பிராயமுள்ள தமிழருக்கும் கிடைக்கவில்லை. கிராமத்துச் சிங்களவனுக்கும் கிடைக்கவில்லை. 2003 ஏப்ரலில் பேச்சு நின்றது. 2008 ஜனவரியில் சர்க்கார் ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் என்ன நடந்தது என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. இங்கிருந்து பத்துப் பன்னிரண்டு மைலில் இருக்கிற பவானிசாகர் முகாமில் போய்க் கேட்டால் சொந்தக்காரரைப் பறிகொடுத்தவர்களே சொல்லுவார்கள்.

இதற்கு மாறாக, தென்னமெரிக்காவில் கொலம்பியா என்கிற தேசத்தில் நடந்ததைச் சொல்லுகிறோம். அங்கே சர்க்காருக்கும் 'பார்க்' என்கிற ஆயுதக் கூட்டத்துக்கும் அரை நூற்றாண்டு சண்டை. 2012 முதல் கியூபா நாட்டு ஹவானாவில் உட்கார்ந்து பேசினார்கள். 2014இல் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். சண்டையில் மகனை, புருஷனை, கை காலைப் பறிகொடுத்தவர்கள் 60 பேரைப் பன்னிரண்டு பன்னிரண்டு பேராக ஐந்து தடவை அந்த மேஜைக்கே அழைத்துவந்து பேசச் சொன்னார்கள். அந்த அறுபது பேரில் சர்க்கார் படையால் கெட்டவர்களும் உண்டு, கலகக்காரரால் கெட்டவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. 2016 அக்டோபரில் ஜனங்களிடம் ஓட்டுக்கு விட்டபோது ஒப்பந்தம் மயிரிழையில் தோற்றது. தோற்றுப் போனோம் என்று துப்பாக்கியை எடுக்கவில்லை. குறை சொன்னவர்களையும் கேட்டுத் திருத்தி நவம்பரில் மறுபடியும் கையெழுத்துப் போட்டார்கள். அங்கே எல்லாம் சுகமாகிவிட்டது என்று நாம் புளுகவில்லை. ஆயுதத்தைக் கீழே போட்டவர்களில் பலரை ஊர் திரும்பின பிறகு கொன்றிருக்கிறார்கள். ஆனாலும் பறிகொடுத்தவனுக்கு நாற்காலி போட்டார்கள் பாருங்கள், அந்த ஒரு புத்தி 2000த்தில் சென்னைக்கும் வரவில்லை, பெங்களூருக்கும் வரவில்லை. தாளவாடியிலிருந்து ஒரு சோளகப் பெண்ணையும், அப்துல் கரீமையும், நீலகிரித் தேயிலைக்காரனையும் இரண்டு முதல் மந்திரிகளும் ஒரே அறையில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் கேட்டிருந்தால், நடிகர் விடுதலை தாமதப்பட்டிருக்காது. அவருக்குப் பின்னால் இந்த மலையும் விடுதலையாகியிருக்கும்.

இதற்கும் சுயமரியாதைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு சீட்டு வந்திருக்கிறது. சம்பந்தம் இதுதான். மலைக்காரன் கார்டைக் கண்டால் துண்டை இடுப்பில் கட்டுகிறான்; கொள்ளைக்காரனைக் கண்டாலும் இடுப்பில் கட்டுகிறான்; மாதேஸ்வரனுக்கு முன்னாலும் கட்டுகிறான். அவனுக்காகப் பேசுகிறோம் என்று இரண்டு தரப்பும் சொல்லிற்று. அவனை ஒரு தரப்பாக யாரும் வைக்கவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவனே வந்து உட்கார்ந்து பேசுகிற நாள் வராதவரையில், யாரோ இருவர் கைகுலுக்கிக் கொள்வதைச் சமாதானம் என்று பத்திரிகையில் போட்டுக் கொள்ளலாம்.

கடைசியாக ஒரு சேதி. ராஜ்குமார் கடத்தல் வழக்கு நம் பக்கத்துக் கோபிச்செட்டிபாளையம் கோர்ட்டில் 18 வருஷம் நடந்தது. ராஜ்குமார் 2006இலேயே காலமாகிவிட்டார். 2018 செப்டம்பர் 25ஆம் தேதி குற்றம் சாட்டப்பட்டிருந்த ஒன்பது பேரும் விடுதலையானார்கள். சட்டப்படி அந்தக் கடத்தலைச் செய்ததாக ஒருவர்கூடத் தண்டனை அடையவில்லை. துண்டுக்குள் பேசின பேச்சுக்குச் சாட்சி எங்கிருந்து வரும்?

நேரம் ஆகிவிட்டது, தாளவாடிக்கும் கடம்பூருக்கும் போகவேண்டியவர்கள் கடைசிப் பஸ்ஸை விட்டுவிடக் கூடாது. நஷ்டஈட்டுப் பட்டியலில் பேர் விட்டுப்போனவர்களும், 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டப்படி நிலத்துக்கு மனுக் கொடுத்துப் பதில் வராதவர்களும் இருந்தால், பழைய ரசீது, போலீஸ் காகிதம், ஆஸ்பத்திரிச் சீட்டு எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை இதே இடத்துக்கு வாருங்கள். வக்கீல் தோழர்கள் இருவர் மத்தியானம் வரையில் மனு எழுதித் தருவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வெட்கப்பட்டு வீட்டில் தங்கிவிட வேண்டாம். வாயால் சொன்னால் போதும், அவர்கள் எழுதிப் படித்துக்காட்டுவார்கள். பெண்கள் பேச வந்தால் கேட்டு எழுத ஒரு பெண் தோழரும் இருப்பார்.